பொரிக்க எந்த எண்ணெய்? ஆலையின் சூடும் அடுப்பின் சூடும்

எந்த எண்ணெயை வாங்கலாம் என்ற பேச்சு வீட்டில் எழும்போது, கொழுப்பு எதில் குறைவு, விலை எதில் கட்டுப்படியாகும், மணம் எதில் நன்றாக இருக்கும் என்பவையே முதலில் கணக்கில் வருகின்றன. அவை தேவையான கேள்விகள்தாம். ஆனால் வடை, பஜ்ஜி, முறுக்கு, அப்பளம், மீன் வறுவல் என்று வாரத்தில் சில முறையாவது வாணலியை ஏற்றும் வீட்டில், காய்ந்தபின் அந்த எண்ணெய் என்னவாகிறது என்ற கேள்வியும் அவற்றோடு சேர வேண்டும். பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் கொழுப்பு விவரம் காயாத எண்ணெயைப் பற்றியது. 180 டிகிரி செல்சியஸில் நெடுநேரம் காய்ந்து, மாவின் ஈரத்தையும் உப்பையும் வாங்கிக்கொண்ட எண்ணெய், வேதியியல் நோக்கில் வேறொரு பொருள்.

இந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ள, எண்ணெய் நம் தட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடங்களில் சூடேறுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, சுத்திகரிப்பு ஆலையில் வாடை நீக்குவதற்காக 200 டிகிரிக்கு மேல், சில ஆலைகளில் 250 டிகிரியையும் தொட்டு ஏற்றப்படும் சூடு. மற்றொன்று நம் அடுப்பின் சூடு. இரண்டிலும் பிறக்கும் நச்சுப் பொருள்கள் வேறுவேறானவை. ஒன்றில் தப்பிக்கும் எண்ணெய் மற்றொன்றில் சிக்கிக்கொள்வதும் உண்டு. கடைகளில் விற்கும் எண்ணெய்களை ஒப்பிடும் பலர் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். செக்கு எண்ணெயை ஆதரிப்பவர்கள் ஆலையின் சூட்டை மட்டும் பேசுகிறார்கள். ரீஃபைண்ட் எண்ணெயை விற்பவர்கள் புகையும் சூட்டு அளவை மட்டும் பேசுகிறார்கள்.

முதலில் அடுப்பில் நடப்பதைப் பார்ப்போம். எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் கரிம அணுக்களுக்கிடையே உள்ள இரட்டைப் பிணைப்பு கூடக்கூட, சூட்டில் ஆக்சிஜன் தாக்குவது எளிதாகிறது. இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலிக் அமிலம், ஒன்றே கொண்ட ஒலீயிக் அமிலத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதில் முதலில் உருவாகும் பெராக்சைடுகள் அந்தச் சூட்டில் நிலைப்பதில்லை. அவை உடைந்து ஆல்டிஹைடுகள் என்னும் சிறு மூலக்கூறுகளாகின்றன. அவற்றில் 4-ஹைட்ராக்சி-2-நோனெனல் என்பது அதிகம் ஆராயப்பட்ட ஒன்று. உடலுக்குள் சென்றால் புரதங்களோடும் மரபணுப் பொருளோடும் ஒட்டிக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. அக்ரோலின் என்பது மற்றொன்று. எண்ணெய் புகையும்போது கண்ணைக் கரிக்கவைப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்னும் 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. இவை போக, பொருளின் ஈரம் கொழுப்பை உடைத்துத் தனிக் கொழுப்பு அமிலங்களாக்குவதால் எண்ணெய் முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்குகிறது. உடைந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் எண்ணெய் கெட்டிப்பட்டு, வாணலியின் விளிம்பில் பிசினாகப் படிகிறது. இவை அனைத்தும் சேர்ந்த அளவைத்தான் ‘மொத்தத் துருவச் சேர்மங்கள்’ என்ற பெயரில் அளக்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை 1 முதல், இந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்திருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நம் வீடுகளில் மிகுதியாகப் புழங்கும் ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய்தான் பொரிப்பதற்குப் பலவீனமான தேர்வாக நிற்கிறது. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் ஏறத்தாழ அறுபது சதவீதம் லினோலிக் அமிலம். அதன் புகையும் சூடு 225 டிகிரிக்கு மேல் இருப்பதால், புகையவில்லையே, ஆகவே கெடவில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. புகையும் சூடு என்பது புதிய எண்ணெய் எப்போது கண்ணுக்குத் தெரியும்படி ஆவியாகத் தொடங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. ஆல்டிஹைடு எவ்வளவு உருவாகிறது என்பதை அது சொல்வதில்லை. இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் குரூட்வெல்டும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆய்வுகளில், பொரிக்கும் சூட்டில் வைத்த சூரியகாந்தி எண்ணெயிலும் சோள எண்ணெயிலும் ஆல்டிஹைடுகள் மிகுதியாகவும், நிறைவுற்ற கொழுப்போ ஒலீயிக் அமிலமோ மிகுந்த எண்ணெய்களில் குறைவாகவும் உருவாவது கண்டறியப்பட்டது. காயாத நிலையில் இதயத்துக்கு ஏற்றது என்று சூரியகாந்தியைச் சொல்லவைக்கும் அதே லினோலிக் அமிலம்தான் வாணலியில் அதன் குறையாகிறது. தாளிப்பதற்கும், காய் வதக்குவதற்கும், தோசைக்கல்லில் விடுவதற்கும் இந்த எண்ணெயை விலக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே சூட்டில் இருக்கும் நேரம் குறைவு. ஒரு படி மாவுக்கு முறுக்குச் சுடும் நாளில் இதை ஊற்றுவதுதான் தவறான தேர்வு.

இதற்கு நேரெதிரில் நிற்கிறது பாமாயில். தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் ரேஷன் கடையில் மானிய விலையில் மாதம் ஒரு லிட்டர் கிடைத்துவருவதால், பல குடும்பங்களுக்கு இது தேர்வே அன்று, கையில் இருக்கும் எண்ணெய். அடுப்பின் சூட்டில் பாமாயில் நன்றாகத் தாங்கும். அதில் லினோலிக் அமிலம் பத்துச் சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. மீதி பெரும்பாலும் ஒலீயிக் அமிலமும் நிறைவுற்ற பால்மிட்டிக் அமிலமும். உணவுத் தொழிற்சாலைகளும் தெருவோரக் கடைகளும் அதை விரும்புவதற்கு விலையோடு இந்தத் தாங்கும் திறனும் காரணம்.

ஆனால் பாமாயிலின் சிக்கல் நம் அடுப்புக்கு வருமுன்பே ஆலையில் நிகழ்ந்துவிடுகிறது. எண்ணெய்ப்பனையின் பழம் குலையிலிருந்து வெட்டப்பட்டதும் அதிலுள்ள நொதிகள் கொழுப்பை உடைக்கத் தொடங்குகின்றன. அதனால் டைகிளிசரைடுகள் என்னும் பாதி உடைந்த கொழுப்புகள் பெருகுகின்றன. மண்ணிலிருந்தும் உரத்திலிருந்தும் வந்த குளோரைடும் அதில் இருக்கிறது. இந்த எண்ணெயை வாடை நீக்க 200 டிகிரிக்கு மேல் ஏற்றும்போது 3-எம்.சி.பி.டி. எஸ்டர்கள், கிளைசிடில் எஸ்டர்கள் என்னும் இரு வகைச் சேர்மங்கள் உருவாகின்றன. வயிற்றில் செரிக்கும்போது இந்த எஸ்டர்களிலிருந்து 3-எம்.சி.பி.டி.யும் கிளைசிடாலும் பிரிந்துவருகின்றன. கிளைசிடாலைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2ஏ பிரிவிலும், 3-எம்.சி.பி.டி.யை அதற்கு அடுத்த 2பி பிரிவிலும் வைத்திருக்கிறது. விலங்குகளில் 3-எம்.சி.பி.டி. சிறுநீரகத்தையும் ஆண் இனப்பெருக்க உறுப்புகளையும் பாதிக்கிறது. கிளைசிடால் மரபணுவையே சேதப்படுத்துவதால், இவ்வளவு வரை பரவாயில்லை என்று அதற்கு ஒரு வரம்பைச் சொல்ல வல்லுநர்கள் முன்வரவில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், பாமாயிலில் சராசரியாக ஒரு கிலோவுக்கு 2912 மைக்ரோகிராம் 3-எம்.சி.பி.டி.யும் 3955 மைக்ரோகிராம் கிளைசிடாலும் இருந்தன. மற்ற தாவர எண்ணெய்களில் 3-எம்.சி.பி.டி. 48 முதல் 608 மைக்ரோகிராம் வரைதான் இருந்தது. 3-எம்.சி.பி.டி.க்கு அந்த ஆணையம் 2018-இல் திருத்தி அறிவித்த அன்றாட வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டாக நடத்தும் வல்லுநர் குழு வைத்த வரம்பு அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 4 மைக்ரோகிராம். இந்த எண்களை ஒரு வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஐரோப்பிய வரம்பு நாளுக்கு 30 மைக்ரோகிராம். அந்தச் சராசரி அளவு கொண்ட பாமாயிலில் பத்துக் கிராம் உள்ளே போனாலே ஏறத்தாழ 29 மைக்ரோகிராம் ஆகிவிடுகிறது. ரேஷனில் வரும் ஒரு லிட்டரை நான்கு பேர் உள்ள குடும்பம் மாதம் முழுதும் பயன்படுத்தினால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஏழரைக் கிராம் வருகிறது. ஆகவே ரேஷன் எண்ணெயை மட்டும் வைத்துப் பார்த்தால் வரம்பைத் தாண்டவில்லை. அதன்மேல் பிஸ்கட், சிப்ஸ், பேக்கரிப் பண்டம் என்று பாமாயிலில் செய்தவை சேரும்போது, எடை குறைந்த சிறு குழந்தைக்குத்தான் கணக்கு முதலில் மீறுகிறது. வளர்ந்தவர்களுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த நச்சுகள் பாமாயிலோடு பிறந்தவை அல்ல, செய்முறையில் வந்தவை. குலையை வெட்டியவுடன் ஆலைக்குக் கொண்டுசெல்வது, கழுவிக் குளோரைடை நீக்குவது, வாடை நீக்கும் சூட்டைக் குறைப்பது ஆகியவற்றால் இவற்றைக் கணிசமாகக் குறைக்க முடியும். ஐரோப்பாவில் 2010-க்கும் 2015-க்கும் இடையில் பாமாயிலின் கிளைசிடில் எஸ்டர் அளவு பாதியாகக் குறைந்தது. பின்னர் அங்கே கிளைசிடில் எஸ்டருக்கு ஒரு கிலோவுக்கு 1000 மைக்ரோகிராம் என்ற உச்சவரம்பும் வந்தது. நிர்ப்பந்தம் இருந்தால் ஆலைகள் மாறும் என்பதற்கு இது சான்று. ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் உண்ணும் எண்ணெய்க்கு இந்தக் கண்டிப்பு முதலில் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தவிட்டு எண்ணெயைப் பலர் இந்த இரண்டுக்கும் நடுவிலான நல்ல தேர்வாகக் கருதுகிறார்கள். ஒலீயிக் அமிலம் நாற்பது சதவீதத்துக்கு மேல், ஒரைசனால் என்னும் இயற்கைத் தடுப்புப் பொருள் ஆகியவற்றால் அடுப்பில் அது சூரியகாந்தியைவிட மேலானதுதான். ஆனால் பனம்பழத்தைப் போலவே தவிட்டிலும் நொதி வேகமாக வேலை செய்வதால் டைகிளிசரைடு மிகுதி. கடுமையாகச் சுத்திகரிக்காமல் அதை உண்ணவும் முடியாது. எனவே ஆலையின் சூட்டில் பாமாயிலுக்கு உள்ள சிக்கல் அதற்கும் உண்டு.

செக்கு எண்ணெய்களுக்கு வருவோம். மரச்செக்கிலோ கல்செக்கிலோ ஆட்டி வடிகட்டிய எண்ணெய் 200 டிகிரிச் சூட்டைப் பார்ப்பதில்லை, ஆகவே 3-எம்.சி.பி.டி.யும் கிளைசிடில் எஸ்டரும் அதில் பொருட்படுத்தும் அளவில் இருப்பதில்லை. இது உண்மையான, பெரிய சாதகம். கடலை எண்ணெயில் ஒலீயிக் அமிலம் பாதியை ஒட்டியும் லினோலிக் அமிலம் முப்பது சதவீதத்தை ஒட்டியும் இருப்பதால், ஒருமுறை பொரிக்கும் வேலையை அது நன்றாகவே தாங்குகிறது. ஆனால் சுத்திகரிக்காத எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலமும் நுண்துகளும் இருப்பதால் அது ரீஃபைண்ட் எண்ணெயைவிட மிகக் குறைந்த சூட்டில், 160 டிகிரி அளவிலேயே, புகையத் தொடங்கலாம். தெளியவைத்து, அடியில் தங்கும் கசண்டை விட்டுவிட்டு மேலெண்ணெயை மட்டும் ஊற்றினால் புகையும் நுரையும் குறையும்.

அடுப்பையும் ஆலையையும் தவிர மூன்றாவதாக ஒரு கேடு செக்குக் கடலை எண்ணெயில் உண்டு. அது வயலிலும் கிடங்கிலும் தொடங்குவது. ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் உருவாகிறது. அது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டிருக்கிறது. முகமையின் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில், அது இருக்கிறது. ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கோடு போய்விட்டாலும் ஒரு பகுதி எண்ணெயில் தங்குகிறது. சுத்திகரிப்பில் சேர்க்கும் காரமும் வெளுப்பு மண்ணும் அதை ஏறக்குறைய முழுதும் நீக்கிவிடுகின்றன. செக்கில் அந்த வாய்ப்பு இல்லை. வீட்டில் வைத்துக் காய்ச்சினால் போய்விடும் என்று நம்புவதற்கும் இடமில்லை, அஃப்ளாடாக்சின் சமையல் சூட்டைத் தாங்கி நிற்கும். எனவே செக்கு எண்ணெயின் தரம் என்பது உண்மையில் பருப்பின் தரம். சொத்தையும் கறுப்பும் சுருக்கமும் கண்ட பருப்பைப் பொறுக்கி எறிந்த பிறகுதான் ஆட்டுகிறார்கள் என்று கண்ணால் காணக்கூடிய இடத்தில் வாங்குவது, அல்லது பருப்பை நாமே வாங்கிப் பொறுக்கிக் கொடுத்து ஆட்டிவருவது, இரண்டில் ஒன்று வேண்டும். இவை முடியாத நகரத்து வீட்டுக்கு, பொரிக்க ரீஃபைண்ட் கடலை எண்ணெயே பாதுகாப்பான தேர்வு என்பேன். செக்கு என்ற சொல் அச்சிட்டிருக்கும் பெயர் தெரியாத பாட்டிலைவிட அது மேல்.

தேங்காய் எண்ணெய் அடுப்பில் எளிதில் சிதையாது, ஏனென்றால் அதில் ஏறத்தாழ தொண்ணூறு சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நேந்திரங்காய் வறுவலுக்குக் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் அதைப் பயன்படுத்துவதற்கு மணத்தோடு இந்த நிலைத்தன்மையும் துணைநிற்கிறது. ஆனால் அதே நிறைவுற்ற கொழுப்பு இரத்தத்தில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பை உயர்த்துகிறது, இதய நோயோ உயர் கொழுப்போ உள்ளவர்கள் வாழும் வீட்டில் ஆல்டிஹைடுக்கு அஞ்சி எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெயில் பொரிப்பது ஒரு கேட்டைக் கொடுத்து மற்றொன்றை வாங்குவதாகும். புகை போட்டு உலர்த்திய கொப்பரையில் பென்சோபைரீன் போன்ற நச்சுகள் படியும் என்பதால், வெயிலில் காய்ந்த கொப்பரையே வேண்டும். பூசணக் கேடும் கொப்பரைக்கு உண்டு. 2021-இல் இலங்கையில் இறக்குமதியான கச்சாத் தேங்காய் எண்ணெயில் அஃப்ளாடாக்சின் கண்டறியப்பட்டது பெரும் சர்ச்சையானது.

நல்லெண்ணெய் தனி வகை. லினோலிக் அமிலம் நாற்பது சதவீதத்துக்கு மேல் இருந்தும் அது எளிதில் காறுவதில்லை. செசமின், செசமோலின் என்னும் பொருள்களும், சூட்டில் செசமோலின் உடைந்து உருவாகும் செசமோலும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கின்றன. ஆயினும் அதைப் பொங்கப் பொங்கக் காயவைத்துப் பொரிப்பது வீண். இட்லிப் பொடிக்கும், புளியோதரைக்கும், ஊறுகாய்க்கும், மீன் குழம்பின் தாளிப்புக்கும் உரிய எண்ணெய் அது. நம் சமையல் மரபு அதற்குக் கொடுத்த இடம் வேதியியலுக்கும் பொருந்தி வருகிறது.

ஆகவே என் தேர்வு இது: பொரிக்கக் கடலை எண்ணெய், நம்பகமான பருப்பு கிடைத்தால் செக்கில், இல்லையேல் ரீஃபைண்டில், பச்சையாகவும் தாளிக்கவும் நல்லெண்ணெய், அன்றாட வதக்கலுக்குச் சூரியகாந்தியும் இருக்கலாம். ரேஷன் பாமாயில்தான் வழி என்றால், அதைப் பொரிப்பதற்கு மட்டும் ஒதுக்கி, சிறு குழந்தையின் சோற்றுக்கும் பருப்புக்கும் வேறு எண்ணெயில் ஒரு கரண்டி விடுவது குறைந்த செலவில் செய்யக்கூடிய மாற்றம்.

ஆனால் எந்த எண்ணெய் என்பதைவிட, பொரித்து மிஞ்சிய எண்ணெயை என்ன செய்கிறோம் என்பதில்தான் அபாயத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இங்கே மூன்று வழிகள் உண்டு. மறுபடி பொரிப்பது முதல் வழி. பெரும்பாலான வீடுகளில் நடப்பதும் அதுவே. ஆறி, காற்றுப்பட்டு, மறுபடி காயும் ஒவ்வொரு முறையும் சிதைவு விரைகிறது. அடியில் கருகிக் கிடக்கும் மாவுத்தூளும், இருப்புச்சட்டியின் இரும்பும் அதைத் தூண்டுகின்றன. இரண்டாவது வழி, வடிகட்டி வைத்துக்கொண்டு தாளிக்கவும் குழம்புக்கும் பயன்படுத்துவது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் உணவு வழிகாட்டுதலில் இந்த வழியையே காட்டுகிறது: ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டிக் குழம்பு, கறிக்குப் பயன்படுத்தலாம், மறுபடி பொரிக்கக் கூடாது, ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். மூன்றாவது வழி கொட்டிவிடுவது. எண்ணெய் விற்கும் விலையில் மூன்றாவது வழியை எல்லாருக்கும் சொல்வது நியாயமில்லை. இரண்டாவது வழி நம் வரவுசெலவுக்கும் உடல்நலத்துக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, வாய் குறுகிய ஆழமான சிறு வாணலியில் அளவாக ஊற்றி, மிஞ்சும் எண்ணெயே குறையும்படி பார்த்துக்கொள்வது. நிறம் கறுத்து, வாடை மாறி, பொருள் போடாதபோதும் நுரைத்து, முன்பு புகையாத சூட்டில் புகைந்தால், அந்த எண்ணெய் எதுவாயினும் அதன் வேலை முடிந்தது.

புகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனிதர்களிடம் கிடைத்த சான்று இதில்தான் ஒப்பீட்டளவில் வலுவானது. தின்னும் ஆல்டிஹைடுகளைப் பற்றிய அறிவு பெரும்பாலும் விலங்கு ஆய்வுகளிலிருந்தும் உயிரணு ஆய்வுகளிலிருந்தும் வந்தது. புகையைப் பொறுத்தவரை, புகைபிடிக்காத சீனப் பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதை ஆராய்ந்த பல ஆய்வுகள் சமையல் எண்ணெயின் ஆவியைச் சுட்டின. அவற்றையும் விலங்கு ஆய்வுகளையும் எடைபோட்ட முகமை, மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை 2ஏ பிரிவில் சேர்த்தது. பலகாரத்தை வீட்டில் எல்லாரும் உண்கிறார்கள். புகையை அடுப்பின் முன் நிற்பவர் மட்டுமே சுவாசிக்கிறார், அவர் பெரும்பாலும் அம்மாவாகவோ பாட்டியாகவோ இருக்கிறார். எண்ணெய்த் தேர்வைப் பற்றிய குடும்பப் பேச்சில் இந்த ஒருவரின் நுரையீரல் எப்போதும் விடுபட்டுப்போகிறது. சன்னலைத் திறப்பதும், புகைபோக்கி விசிறியைப் பொரிக்கத் தொடங்குமுன்பே போடுவதும், எண்ணெய் புகையுமுன் தீயைத் தணிப்பதும் பலகாரத்தின் ருசியை எவ்விதத்திலும் குறைக்காதவை.

வீட்டுப் பலகாரமா, கடைப் பலகாரமா என்பது கடைசித் தேர்வு. நாள் முழுதும் காயும் சட்டியில், மாலையில் குறைந்த அளவுக்குப் புது எண்ணெயை ஊற்றி நிரப்பிக்கொண்டே போகும் முறை, துருவச் சேர்மங்களை ஒருபோதும் முழுதாகக் குறையவிடாது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்கும் நிறுவனங்கள் பயன்படுத்தியதற்கும் அகற்றியதற்கும் கணக்கு வைக்க வேண்டும் என்பது விதி. 2018-இல் தொடங்கிய ரூகோ திட்டம் அத்தகைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்க வழிசெய்கிறது. சிறு கடைகள் அந்த வரம்புக்குள் வருவதில்லை. அங்கே வாங்குபவர் எட்டிப்பார்த்துச் சட்டியின் நிறத்தைக் கவனிப்பதும், காலையில் முதல் ஈட்டுக்குப் போவதும், பழைய எண்ணெயை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்பதுமே இப்போதைக்கு உள்ள சோதனைகள். அந்த எண்ணெய் மலிவு விலையில் இன்னொரு தள்ளுவண்டிக்குப் போகிறது என்று பதில் வந்தால், வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் செய்ய வாங்குபவருக்கு உரிமை உண்டு.